ஐந்து மோடு டார்ச்சை ஒரே வெளிச்சமாக மாற்றுவது எப்படி?

நாகலூர்வாசி:
வணக்கம். காபிப் பழம் எடுக்கும் மார்கழி, தை மாதங்களில் என் தந்தையார் காபி காயும் களத்தில் இரவுக் காவல் இருப்பார். அவருக்காகச் சேலம் பழைய பஸ் நிலையம் அருகே 250 ரூபாய்க்கு ஓர் எல்.இ.டி. டார்ச் வாங்கிக் கொடுத்தேன். 18650 என்ற உருளை வடிவ, சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி ஒன்று போடும் வகை. பின்பக்கம் ஒரே சுவிட்ச். அழுத்த அழுத்த அதிக வெளிச்சம், நடுத்தரம், குறைவு, வேகமாக மின்னுவது, எஸ்.ஓ.எஸ். (ஆபத்துச் சைகை) என்று ஐந்தும் மாறி மாறி வருகின்றன. போன வாரம் வேலியோரம் சத்தம் கேட்டு அவர் டார்ச் அடித்தபோது அது படபடவென்று மின்னியது. எதிரே நிற்பது காட்டுமாடு என்று தெரிவதற்குள் இருபதடி தூரத்துக்குப் போய்விட்டார். எழுபது வயதுக்காரரிடம் மூன்று முறை அழுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை அழுத்தினால் எரிய வேண்டும், மறுமுறை அழுத்தினால் அணைய வேண்டும், அவ்வளவுதான். சால்டரிங் எனக்குத் தெரியும். வழி சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை மெக்கானிக்:
செய்யலாம் தம்பி. எல்.இ.டி.க்குப் பின்னால் வட்டமான ஒரு சிறு போர்டு இருக்கும். அதன் நடுவிலுள்ள ஸ்பிரிங் பேட்டரியின் பிளஸ். விளிம்பு வளையம் மைனஸ், அது டார்ச்சின் உடல் வழியாகப் பின் சுவிட்சுக்குப் போகிறது. மோடு மாற்றுவது அந்தப் போர்டிலுள்ள ஐ.சி. என்னும் சிறு சிப்தான். அதை எடுத்துவிட்டு, எல்.இ.டி.யின் பிளஸ் ஒயரை ஸ்பிரிங்கிலும், மைனஸ் ஒயரை 1.5 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியாக வளையத்திலும் பற்றவையுங்கள். முழுச் சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட், எல்.இ.டி. எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 3.1, மீதி 1.1 வோல்ட்டை 1.5 ஓமால் வகுத்தால் 0.7 ஆம்பியருக்குச் சற்று மேல் வரும். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மெல்லிய அலுமினிய உடல் அந்தச் சூட்டைத் தாங்காது.

சூரமங்கலம் வாசகர்:
மெக்கானிக் ஐயா சொன்ன வழி எளிது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரவு முழுவதும் விழித்திருப்பவருக்கு அது போதாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பேட்டரி 3.7 வோல்ட்டுக்கு இறங்கும்போது மின்னோட்டம் 0.4 ஆம்பியரை ஒட்டிக் குறைந்து, காவலுக்கு வெளிச்சம் மிகவும் தேவைப்படும் பின்னிரவில் மங்கிவிடும். ரெசிஸ்டருக்குப் பதிலாக ஏ.எம்.சி.7135 என்ற மூன்று கால் ஐ.சி. இரண்டை இணையாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியரை மாறாமல் விடும், இரண்டும் சேர்ந்து 700. நடுக்கால் பேட்டரி மைனசுக்கு, வி.டி.டி. என்ற கால் பேட்டரி பிளசுக்கு, அவுட் என்ற கால் எல்.இ.டி.யின் மைனசுக்கு. பேட்டரி நன்றாக இறங்கும்வரை வெளிச்சம் ஒரே சீராக இருக்கும்.

இன்னொன்று: கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சிட்ட பேட்டரியை நம்ப வேண்டாம். 18650 அளவில் நல்ல தயாரிப்பே 3500ஐ ஒட்டித்தான் வரும். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். தெரியாமல் முழுவதும் வடியவிட்டு மறுபடி சார்ஜ் போடுவது லித்தியம் பேட்டரிக்கு ஆபத்து.

நாகலூர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது வழியைச் செய்தேன். போர்டு பித்தளை வளையத்துக்குள் இறுக்கமாக இருந்தது. விளிம்பிலிருந்த இரண்டு ஈயப் பொட்டுகளை உருக்கிய பிறகு, மழுங்கிய போல்ட்டால் பின்னாலிருந்து தள்ளியதும் வெளியே வந்தது. பழைய ஐ.சி.யை எடுத்து, புதிய இரண்டையும் நடுக்கால்கள் வளையத்தைத் தொடும்படி முதுகோடு முதுகாகப் பற்றவைத்தேன். மீட்டரில் 0.69 ஆம்பியர் காட்டியது. அரை மணி நேரம் எரியவிட்டதில் தலைப்பகுதி கைபொறுக்கும் சூட்டிலேயே நின்றது. நேற்றிரவு அப்பா ஒரே அழுத்தில் களத்தின் மறுகோடியிலுள்ள சில்வர் ஓக் மரம்வரை அடித்துப் பார்த்துவிட்டு, பழைய மூன்று செல் டார்ச்சைப் பரணில் வைக்கச் சொல்லிவிட்டார்.