ரெசின் பேஸ்ல பொம்மை நிக்கவே மாட்டேங்குது, என்ன செய்ய?

பாளை_பொம்மைக்காரன்:
வணக்கம் மக்களே. பாஞ்சாலங்குறிச்சி 1799 சண்டைய மேசைல வச்சு விளையாடணும்னு ரெண்டு வருஷமா 28 மில்லிமீட்டர் உலோக பொம்மையா சேத்துட்டு வாரேன், ஒரு பக்கம் கம்பெனி சிப்பாய், எதிர் பக்கம் பாளையக்காரர் ஆளுங்க. பொம்மை நிக்குத அடித்தட்டு, அதான் பேஸ், அது மட்டும் ரெசின்ல வார்த்தது வாங்குனேன், கல்லு, முள்ளு, வெடிச்ச தரைன்னு பாக்க அம்புட்டு அழகு. பேஸுக்கு தேரிக்காட்டு செம்மண் செவப்பு அடிச்சு, பொம்மை காலுக்கு அடில இருந்த தகட்ட வெட்டிட்டு, சூப்பர் க்ளூ வச்சு ஒட்டி, மேல வார்னிஷும் அடிச்சாச்சு. போன வாரம் கூட்டாளி வீட்டுக்குன்னு பஸ்ல நாகர்கோவிலுக்கு கொண்டு போனேன். வடசேரில இறங்கி டப்பாவ தொறந்தா 14 பேர்ல 9 பேரு பேஸ் ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம், குதிரைக்காரன் ஈட்டியோட தலைகீழா கெடக்கான். வேற பசை வாங்கணுமா, இல்ல இதையே கூட போடணுமா? துளை போடச் சொல்லுதாங்க, ஆனா ஒரு ஆளுக்கு மூணு நாள் பெயிண்ட் அடிச்சிருக்கேன், ட்ரில்லுன்னாலே கை நடுங்குது.

வண்ணார்பேட்டை_வாசி:
தம்பி, பசைய குத்தம் சொல்லுததுக்கு முன்னாடி ஒரு காரியம் செய்யி. விழுந்த பொம்மையோட உள்ளங்கால திருப்பிப் பாரு, செவப்பு பெயிண்ட் ஒட்டிட்டு இருக்கா?

பாளை_பொம்மைக்காரன்:
ஆமா அண்ணாச்சி, 7 பேருக்கு இருக்கு! பேஸ்ல காலு இருந்த எடத்துல வெறும் ரெசின் தெரியுது.

வண்ணார்பேட்டை_வாசி:
அப்பம் பசை ஒழுங்காத்தான் புடிச்சிருக்கு, பெயிண்டுதான் கைய விட்டுருக்கு. நீ பொம்மைய பேஸ்ல ஒட்டல, பெயிண்ட் தோல்ல ஒட்டிருக்க. இதுக்கு மேல எந்த பசைய ஊத்துனாலும் இதே கததான். பெயிண்ட் ஏன் உரிஞ்சுதுன்னா, ரெசின் வார்க்கும்போது அச்சுல இருந்து கழண்டு வரதுக்கு ஒரு வழவழப்பு தடவுவாங்க, அது பேஸ்லயே தங்கிரும். வாங்குன உடனே பாத்திரம் கழுவுத லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணியும் விட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு காய வச்ச பொறகுதான் பெயிண்ட தொடணும். கால் படுத எடத்த மட்டும் உப்புத்தாள் வச்சு சொரசொரப்பாக்கு, தண்ணி தொட்டுத் தேயி, அந்த தூசி மூக்குல ஏறக்கூடாது, மாஸ்க் போட்டுக்கோ.

சூப்பர் க்ளூவுக்கு இன்னொரு கொணம் உண்டு, நேரா இழுத்தா விடாது, பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டுனா கண்ணாடி மாதிரி பட்டுனு விட்டுரும். பஸ்ல விழுததெல்லாம் பக்கவாட்டு தட்டுதானே. நெறைய ஊத்துனா அதுக்கும் கேடுதான், லேசா தடவுனாத்தான் புடிக்கும்.

குறுக்குத்துறை_குமாரு:
பிளாஸ்டிக் சிமெண்ட் போடுங்க ப்ரோ, நான் அதான் போடுதேன், சூப்பரா நிக்குது

வண்ணார்பேட்டை_வாசி:
குமாரு, உம்ம பொம்மையும் பிளாஸ்டிக், பேஸும் பிளாஸ்டிக். அந்த சிமெண்ட் பிளாஸ்டிக்க உருக்கி ஒண்ணா சேக்குது, உலோகமும் ரெசினும் அதுல உருகாது. பேசாம இரும்.

தட்டார்_வீட்டுப்பையன்:
எங்கப்பா நகை வேலை, அதனால துளை போடுதது எனக்கு சின்ன வயசுல இருந்தே பழக்கம், பயப்படாதீய. கரெண்ட் ட்ரில் வேண்டாம், பின் வைஸ்னு கையால உருட்டுத ட்ரில் கெடைக்கும், டவுன்ல நகை ஆசாரிமாருக்கு சாமான் விக்கித கடைல கேளுங்க. 0.8 மில்லிமீட்டர் பிட்டு, அதே கனத்துல பித்தளை கம்பி. கம்பி இல்லைன்னா பேப்பர் கிளிப்ப நிமித்தி வெட்டிக்கோங்க. மொதல்ல குண்டூசியால காலுக்கு அடில ஒரு குத்து குத்தி குழி போடுங்க, அப்பதான் பிட்டு வழுக்காது. பொறகு அமுக்காம ரெண்டு விரலால உருட்டுங்க, வெள்ளி முடி மாதிரி சுருள் சுருளா உலோகம் வெளிய வரும், ரெண்டு சுத்துக்கு ஒருக்க பிட்ட எடுத்து ஊதி விடுங்க. 3, 4 மில்லிமீட்டர் எறங்குனா போதும். சின்ன பிட்டு ஒடிஞ்சா உள்ளயே மாட்டிக்கிடும், அதான் அவசரம் கூடாதுங்கேன். கம்பிய கால்ல ஒட்டி காஞ்ச பொறகு அதோட நுனில ஒரு சொட்டு வெள்ள பெயிண்ட தொட்டு பொம்மைய பேஸ்ல வச்சு எடுங்க, புள்ளி விழுந்த எடத்துலதான் துளை. அளவெடுக்க வேண்டியதே இல்ல.

ஆளுக்கு ஒத்தக்கால்ல பின், அதான் அந்த கம்பி, போதும், குதிரைக்கு ரெண்டு கால்ல கட்டாயம். பசைக்கு அரால்டைட், ரெண்டு ட்யூப்லயும் சமமா எடுத்து கலக்கி வச்சிட்டு ஒரு நாள் பூரா தொடாதீய. நம்மூரு வெயிலுக்கு அது சீக்கிரமே இறுகும், அதனால ரெண்டு மூணு ஆளுக்கு போதுத அளவுதான் ஒரு தடவைல கலக்கணும்.

ஒரு வருத்தம், அந்த தகட்ட முழுசா வெட்டிருக்க வேண்டாம், காலுக்கு கீழ முள்ளு மாதிரி கொஞ்சம் விட்டிருந்தா அதுவே பின்னு.

பாளை_பொம்மைக்காரன்:
அய்யோ, 14 தகட்டையும் குப்பைல போட்டுட்டேன். விழாம இருக்க மத்த 5 பேர என்ன செய்ய?

தட்டார்_வீட்டுப்பையன்:
உலோகம்தானே, ஃப்ரீசர்ல ரெண்டு மணி நேரம் வச்சு எடுத்து லேசா திருகுங்க. குளிருக்கு சூப்பர் க்ளூ இன்னும் மொறுமொறுன்னு ஆயிரும், கழண்டுரும். பசைய கரைக்கும்னு அசிட்டோன் பக்கம் மட்டும் போயிராதீய, பெயிண்டும் சேந்து போயிரும்.

கரிசக்காட்டான்:
ஒட்டுதது இருக்கட்டும் வே. பாஞ்சாலங்குறிச்சிக்கு தேரி செவப்பு எங்கன இருந்து வந்துது? தேரி திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம். ஓட்டப்பிடாரம் சுத்துவட்டாரம் கரிசல்லா.

பாளை_பொம்மைக்காரன்:
அண்ணாச்சி சொன்ன பொறகு தலைல கைய வச்சு உக்காந்துட்டேன். சரி, எப்படியும் பேஸ் பெயிண்ட சொரண்டணும், மொத்தத்தையும் கழுவிட்டு கரிசலாவே அடிச்சிருதேன். சிப்பாய் ரெண்டு பேருக்கு நேத்து ராத்திரி பின் போட்டாச்சு, ஒரு பிட்டு காலி. 5 பேரும் ஃப்ரீசர்ல மீன் பொட்டலத்துக்கு பக்கத்துல இருக்காங்க, அம்மா இன்னும் பாக்கல.