ஆப்பிரிக்கன் கெளுத்தி: குட்டையை அழித்தது சரியா?

குட்டைக்காரன்:
போன வாரம் பக்கத்து ஊரில் மூன்று பண்ணைக் குட்டைகளை அதிகாரிகள் வந்து அழித்துவிட்டுப் போனார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, வலை இழுத்து, ஜேசிபியால் குழி தோண்டி, அத்தனை மீனையும் பிளீச்சிங் பவுடர் போட்டுப் புதைத்தாயிற்று. வளர்த்தது ஆப்பிரிக்கன் கெளுத்தி. தடை இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவர் வீட்டு நகையை அடகு வைத்துக் குத்தகை எடுத்தவர். குஞ்சு கொடுத்த வியாபாரி "இது ஹைபிரிட், பிரச்சினை வராது" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார், இப்போது போனையே எடுப்பதில்லை. இழப்பீடு ஒரு ரூபாய் கிடையாது.

வெளியிலிருந்து வந்த மீன் என்பதுதான் குற்றம் என்றால், 1939இல் ஊட்டி ஏரியில் ஜெர்மன் கெண்டையை விட்டது யார்? 1952இல் ஜிலேபி மீனைக் கொண்டுவந்தது யார்? இரண்டும் அரசாங்கம் செய்த வேலை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஜிலேபி இல்லாத ஏரியைக் காட்டுங்கள் பார்ப்போம். 2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி கொடுத்ததும் அரசாங்கம்தான். சின்ன ஆள் வளர்க்கிற மீனுக்கு மட்டும் ஜேசிபி வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கலங்கல்கரை:
அண்ணா, அந்த மூன்று குடும்பத்தை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஏரிக்கு நடந்ததையும் கேளுங்கள். 2015 மழையில் மேலே இருந்த ஒரு கெளுத்திக் குட்டையின் கரை உடைந்து, எல்லாம் வரத்துக் கால்வாய் வழியாக ஏரிக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் ஏரியில் விரால், குரவை, உளுவை, அயிரை எல்லாம் இருந்தன, கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கிப் பிடிப்போம். அடுத்த இரண்டு வருடத்தில் வலையில் விழுந்தது பாதிக்கு மேல் இந்தக் கறுப்பு மீன்தான். ஒன்றை அறுத்துப் பார்த்தோம், வயிற்றுக்குள் தவளை, நண்டு, நாங்கள் காசு கொடுத்து வாங்கி விட்ட கட்லா குஞ்சு. ஏரியைக் குத்தகை எடுத்த எங்கள் ஆட்களுக்கும் கடன் இருந்தது. அவர்களுக்கு யார் இழப்பீடு கொடுத்தார்கள்?

மீன்வளம்_படிப்பவள்:
இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் ஜிலேபியையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது அண்ணா. ஜிலேபி விட்டது தவறு என்று அரசுக்கே சீக்கிரம் தெரிந்து 1959இலேயே அதைப் பரப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் அதற்குள் கைமீறிப் போய்விட்டது. அந்த அனுபவம் இருப்பதால்தான் கெளுத்தி விஷயத்தில் கண்டிப்பு.

இந்த மீன் 90களின் தொடக்கத்தில் வங்கதேசம் வழியாக யாருடைய அனுமதியும் இல்லாமல் உள்ளே வந்தது. வடக்கே தாய் (தாய்லாந்து) மாங்கூர் என்பார்கள். 2000இல் மத்திய அரசு தடை போட்டது, 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வளர்க்கிற இடங்களைக் கண்டுபிடித்து அழிக்கச் சொன்னது, அதற்கடுத்த வருடம் மகாராஷ்டிராவில் டன் கணக்கில் புதைத்தார்கள். இதற்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. அதனால் மற்ற மீன் செத்து மிதக்கிற சாக்கடைத் தண்ணீரிலும் இது பிழைக்கும், மழை இரவில் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கே போகும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வாய்க்குள் போகிற எதையும் தின்னும். பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் வனத்துறையே இறங்கி இதைப் பிடித்து அகற்ற வேண்டியிருந்தது. இன்னொரு கெடுதல், நம் நாட்டு மாங்கூர் கெளுத்தியோடு இதைச் செயற்கையாகக் கலந்து குஞ்சு எடுக்கிறார்கள். அந்த நாட்டு இனம் ஏற்கெனவே அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் பக்கத்து ஊர்க்காரருக்கு "ஹைபிரிட்" என்று விற்றதும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

குட்டைக்காரன்:
தங்கச்சி, மீனின் குணத்தை நான் மறுக்கவில்லை, ஏழு வருடம் மீன் வளர்த்தவன் எனக்கு அது எப்படித் தின்னும் என்று தெரியும். வனாமிக்குப் பதில் சொல்லுங்கள். பசிபிக் கடல் இறால் அது. ஏற்றுமதிக்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தார்கள். பங்காசியஸ் என்ற வளர்ப்பு மீனும் கெளுத்தியைப் போலவே வங்கதேசம் வழியாகத்தான் வந்தது, அதற்கு மட்டும் பிறகு விதிமுறை போட்டு அனுமதித்தார்கள். அப்படியென்றால் விதிமுறை போட வழி இருக்கிறது, கெளுத்திக்குப் போட மனம்தான் இல்லை. நைஜீரியாவில் பண்ணை மீன் என்றாலே இதுதான், அங்கே லட்சக்கணக்கான குடும்பம் இதில் பிழைக்கிறது.

மீன்வளம்_படிப்பவள்:
வனாமியின் தாய் இறால் கண்டபடி உள்ளே வர முடியாது அண்ணா. நோய் இல்லாதது என்று சான்று பெற்றதைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, சோதித்து, அதற்குப் பிறகுதான் குஞ்சுப் பொரிப்பகத்துக்குக் கொடுப்பார்கள். பண்ணையும் பதிவு செய்திருக்க வேண்டும். கிஃப்ட் திலேப்பியா என்ற மேம்படுத்திய ஜிலேபி வகைக்கும் அப்படித்தான், ஆண் குஞ்சு மட்டும், வெளியே போகும் வாயில் எல்லாம் வலை. அதிலும் ஓட்டைகள் உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கரையேறி நடக்கிற மீனுக்கு வாயிலில் மட்டும் வலை கட்டி என்ன பயன்? நைஜீரியாவுக்கு அது சொந்த மீன், அந்த ஆற்றில் அதைத் தின்னவும் ஆள் உண்டு, அதனிடமிருந்து தப்பிக்கத் தெரிந்த மீனும் உண்டு. நம் அயிரைக்கு அது தெரியாது.

டெட்ராய்ட்_தமிழன்:
இங்கே மிச்சிகனில் இதே சண்டை பன்றியை வைத்து நடந்தது. 2010இல் மாநில இயற்கை வளத் துறை ரஷ்யக் காட்டுப்பன்றி வகையை ஆக்கிரமிப்பு இனம் என்று அறிவித்து, 2012 ஏப்ரலில் இருந்து அமல்படுத்தியது. வேட்டைப் பண்ணையிலிருந்து தப்பிய பன்றி வயலை நாசம் செய்கிறது, நோய் பரப்புகிறது என்பது காரணம், அதுவும் உண்மைதான். ஆனால் எது அந்த வகை என்று சொல்ல ஒரு அடையாளப் பட்டியல் கொடுத்தார்கள். கலப்பினமாக இருந்தால் வால் நேராகவும் இருக்கலாம் சுருண்டும் இருக்கலாம், காது நிமிர்ந்தும் இருக்கலாம் மடிந்தும் இருக்கலாம் என்று அதில் இருந்தது. வேலிக்குள் மங்கலிட்சா என்ற கம்பளிப் பன்றியைக் கலந்து வளர்த்த சிறு விவசாயி நீதிமன்றம் போனார், கடைசியில் 2014இல் துறையே அவருடைய பன்றிகள் தடையில் வராது என்று சொல்லி வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் அவர் வியாபாரம் படுத்துவிட்டது. அதனால் எனக்கு இருக்கிற பயம், அடையாளம் காண்பது. அங்கே குட்டைக்கு வருகிற அதிகாரி நாட்டுக் கெளுத்தியையும் இதையும் எப்படிப் பிரிக்கிறார்?

மீன்வளம்_படிப்பவள்:
தலையின் பின்பக்க எலும்பின் வடிவத்தை வைத்துப் பிரிக்கலாம். கலப்பினம் என்றால் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்வது கஷ்டம், மரபணுச் சோதனைதான் வழி. இந்த இடத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். மாதிரி எடுத்து அனுப்பாமல் எந்தக் குட்டையையும் அழிக்கக் கூடாது.

கடைமடை:
எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தீவனம். எங்கள் ஊரில் இந்தக் குட்டைக்கு ராத்திரி ராத்திரி கோழிக்கடைக் கழிவு டிரம் டிரம்மாக வரும். குடலும் தோலும் அழுகி, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, நாய்க் கூட்டம் வேறு. என் பிள்ளைகளோடு அந்த நாற்றத்தில் நான்கு வருடம் இருந்தேன். தடையை நான் முழுசாக ஆதரிக்கிறேன்.

குட்டைக்காரன்:
அக்கா, அது தப்பு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கழிவு கொட்டியவன்மேல் அதற்கென்று வழக்குப் போடட்டும்.

நான் கடைசியாகக் கேட்பது பணத்தைப் பற்றி. பறவைக் காய்ச்சல் வந்து கோழியையும் வாத்தையும் அழித்தால் அரசு இழப்பீடு கொடுக்கிறது, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து. ஏன் கொடுக்கிறார்கள்? கொடுக்காவிட்டால் விவசாயி நோயை மறைத்துவிடுவான். இங்கேயும் அதே கதைதான். சோதனை வருகிறது என்று தெரிந்தால், கையில் கடன் இருக்கிறவன் ராத்திரியோடு ராத்திரியாக மதகைத் திறந்துவிடுவான். அப்போது கலங்கல்கரை தம்பியின் ஏரிக்குத்தான் போகும்.

கலங்கல்கரை:
கோழி வளர்ப்பது சட்டப்படி சரியான தொழில், கெளுத்திக்கு 2000இல் இருந்து தடை, இரண்டும் ஒன்றாகாது என்று எழுத வந்தேன். ஆனால் மதகு விஷயம் உண்மை அண்ணா, எனக்கு அதைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. தானாக முன்வந்து சொல்கிறவனுக்கு மட்டும் ஒரு தொகை, அடுத்த போகத்துக்குக் கட்லா ரோகு குஞ்சு இலவசம் என்று வைத்தால் நானே கிராமசபையில் எழுந்து ஆதரிப்பேன். மறைத்து வளர்த்துப் பிடிபட்டவனுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. அந்தத் தொகையைக் குஞ்சு விற்ற வியாபாரியிடம் வசூலிக்கட்டும். 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, ஆக்கிரமிப்பு அயல் இனங்களை வைத்திருப்பதையும் விற்பதையும் மத்திய அரசு கட்டுப்படுத்தலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். விற்கிறவனைப் பிடிக்க அதைப் பயன்படுத்தட்டும், முதலில் குட்டைக்கு வராமல் பொரிப்பகத்துக்குப் போகட்டும்.

குட்டைக்காரன்:
பொரிப்பகத்தை முதலில் மூடட்டும், அப்படி நடந்தால் நான் தடைக்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அந்த மூன்று பேரும் பிடிபட்டவர்கள் கணக்கில் வருவார்கள் தம்பி, ஏமாந்து வாங்கியவர்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, அதே ஊரில் நான்காவதாக ஒருவரிடம் குட்டையில் இன்னும் இருக்கிறது, பயந்துபோய் இருக்கிறார், என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறார்.

மீன்வளம்_படிப்பவள்:
எந்தக் காரணம் கொண்டும் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள் அண்ணா. கரையைச் சுற்றிச் சின்னக் கண் வலையை உயரமாகக் கட்டச் சொல்லுங்கள், மழை வரும்போல இருக்கிறது. குஞ்சு வாங்கிய ரசீது, வியாபாரியின் நம்பர், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவரே மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போகட்டும், கூட நீங்களும் போங்கள். தண்ணீரை இறைத்த பிறகும் சேற்றுக்குள் மீன் உயிரோடு கிடக்கும், அதனால் குட்டை நன்றாகக் காய்ந்து வெடிப்பு விடும்வரை புதுக் குஞ்சு எதுவும் விட வேண்டாம்.