ஹாட் டப் வாங்க உதவி: மரச் சட்டமா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வீட்டுக்குப் பின்னால், தரைத்தளத்தில், நாலு பேர் உட்காரும் ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) வைக்கப் போகிறோம். அம்மாவின் மூட்டு வலிக்கு வெந்நீர் இதமாக இருக்கிறது, அதற்காகத்தான்.

தொட்டியைத் தாங்கும் சட்டம் எதில் வாங்கலாம்? மருந்து ஏற்றிய மரம் என்றாலும் கரையானை நினைத்தால் பயமாக இருக்கிறது. கால்வனைஸ்டு ஸ்டீலை (துத்தநாகம் பூசிய ஸ்டீல்) கரையான் தொடாது. ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் துருப் பிடிக்கும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. யாராவது வைத்திருக்கிறீர்களா?

பெரிய குழப்பம் இன்சுலேஷனில்தான், அதாவது சூடு வெளியே போகாமல் தடுப்பதில். தொட்டிக்கும் வெளிச் சுற்றுப் பலகைகளுக்கும் நடுவே முழுக்க பாலியூரித்தேன் ஃபோம் நிரப்பினால் சூடு நன்றாக நிற்கும், குழாய்களும் ஆடாது. ஆனால் கசிவு வந்தால் ஃபோமைத் தோண்டித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நனைந்த ஃபோம் சூட்டையும் காக்காது. சுற்றுப் பலகைகளில் மட்டும் ஃபோம் என்றால் ரிப்பேர் சுலபம். ஜனவரி இரவிலும் பெரும்பாலும் 15 டிகிரி அளவுக்குத்தான் குளிர்கிறது. பெங்களூருக்கு இதுவே போதும் என்று தோன்றுகிறது. எப்படியும் சூடு அதிகம் போவது மேல்பக்கமாகத்தான், அதனால் மூடி மட்டும் கனமான, நல்ல மூடியாக வாங்கிவிடுவோம்.

வைத்திருப்பவர்கள் கரண்ட் பில் எவ்வளவு கூடியது என்று சொல்லுங்கள். அப்புறம், கசிவு பார்க்கத் தெரிந்த ஆள் இருந்தால் தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள்.