பத்து அலைவு, பதினெட்டு நொடி

நூல்கண்டு:
நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஏழாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் வகுப்பில் நடந்ததையும் எழுதுங்கள்.

பாடம் தனி ஊசல், அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டு. குண்டுக்குப் பதிலாகச் சைக்கிள் கடையில் வாங்கிய பெரிய நட்டு, மாட்டுவதற்கு ஜன்னல் கம்பி. மொத்தம் ஆறு குழு. ஒரு மீட்டர் நூலில் பத்து அலைவுக்கு (ஒரு முறை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதச் சொன்னேன். 20 நொடி வர வேண்டும். ஐந்து குழுவும் 20 என்றே எழுதியிருந்தார்கள். முன்னே பின்னே அரை நொடிகூட இல்லை. ஆறாவது குழு மட்டும் 18 என்று எழுதிவிட்டு, "சார், எங்களுக்குத் தப்பா வந்துருச்சு" என்று தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

மறுபடி செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நட்டை விடும்போதே "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தார்கள். அதாவது பத்து என்று சொல்லும்போது ஒன்பது அலைவுதான் முடிந்திருக்கிறது. ஒன்பதுக்கு 18 மிகச் சரி! எண்ணியதில்தான் பிசகு, அளந்ததில் இல்லை. 20 எழுதிய ஒரு குழுவின் நூலை அளந்தால் 60 சென்டிமீட்டர்தான் இருந்தது. அதில் பத்து அலைவுக்குப் பதினைந்தரை நொடிதான் ஆகும். கைடில் போட்ட கணக்கிலிருந்து 20-ஐ எடுத்து எழுதியிருக்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சரியான விடைக்கு மட்டும் டிக் போட்டுப் பழக்கியது யார்?

மறுநாள் ரப்பருக்குத் தடை. குழுவுக்கு ஒரு நீளம் கொடுத்தேன். முதலில் ஊகம், பிறகு மூன்று முறை அளவு, எல்லாம் பேனாவில். எண்ணும்போது "சைபர்" என்று ஆரம்பிக்க வேண்டும். அளவுகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். 25 சென்டிமீட்டருக்கு 10 நொடியை ஒட்டி, 100-க்கு 20-ஐ ஒட்டி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "நீளம் நாலு மடங்கு, நேரம் மட்டும் ஏன் சார் ரெண்டு மடங்கு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. 50-க்கு எவ்வளவு வரும் என்று ஊகித்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டேன்.

மஞ்சள்துணி:
நான் சொல்வது ஆரத்திக் கதை சார். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பையன், மஞ்சள் தண்ணீர் ஏன் டீச்சர் சிவப்பாச்சு என்று கேட்டான். சுண்ணாம்பு என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் மறுநாள் வகுப்பிலேயே கரைத்தேன். (வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்புதான். கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் நானே கலந்தேன்.) "இதை மறுபடி மஞ்சளாக்க எதை ஊற்றலாம்?" என்று கேட்டேன். சர்க்கரை, பால், எலுமிச்சை, புளித்தண்ணீர், உப்பு, வெறும் தண்ணீர் என்று ஊகங்கள் வந்தன. எலுமிச்சையும் புளியும் மாற்றிவிட்டன. தண்ணீர் ஊற்றியவன் "மஞ்சளாயிடுச்சு" என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவன் இரண்டு டம்ளரையும் வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வெளிறிப்போன சிவப்புடா, மஞ்சள் இல்லை" என்றான். நிறம் மங்குவது வேறு, மாறுவது வேறு. அமிலம் காரம் பாடத்தை நான் இன்னும் தொடவே இல்லை.

போர்ஷன்முடிக்கணும்:
படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என் வகுப்பில் 52 பேர், பீரியட் 40 நிமிடம். தேர்வில் கேட்பது "தனி ஊசல் என்றால் என்ன?" இரண்டு மதிப்பெண். ஊகத்துக்கு யார் மார்க் போடுவார்கள்?

பழையவாத்தியார்:
நியாயமான கேள்வி தம்பி. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் சோதனை வழி அறிவியல் ஆரம்பித்தார்கள். அவர்கள் முதலில் பிடித்ததே தேர்வைத்தான். புத்தகத்தையும் சொந்த நோட்டையும் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைக்குத் தனித் தேர்வு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை. 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தியது வேறு கதை.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தட்டுத் தண்ணீரில் மெழுகுவர்த்தியை நிறுத்தி டம்ளரைக் கவிழ்ப்போமே, தண்ணீர் உள்ளே ஏறுமே? ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று இருபது வருடம் சொன்னேன். ஒரு பிள்ளை மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்தாள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. நான் சொன்னது உண்மையென்றால் எத்தனை வைத்தாலும் ஒரே அளவுதானே ஏற வேண்டும்? "நீ சரியாச் செய்யலைம்மா" என்று உட்கார வைத்துவிட்டேன். டம்ளருக்குள் காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் குமிழியாக வெளியேறுகிறது, சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, பெரும்பாலும் அதனால்தான் ஏறுகிறது என்பது ஓய்வுபெறப் போகும் சமயத்தில்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர் சரசரவென்று ஏறுவதே சுடர் அணையும்போதுதான். இருபது வருடம் கண்ணெதிரே நடந்ததை நான் பார்க்கவில்லை.

நூல்கண்டு:
ஐயா, நாளை எட்டாம் வகுப்பில் மூன்று மெழுகுவர்த்தியோடு செய்கிறேன். நான் எதுவும் சொல்லப்போவதில்லை, எப்போது ஏறுகிறது என்று மட்டும் அவர்கள் எழுதட்டும். ஒரே சிக்கல், ஆறு கண்ணாடி டம்ளர் வேண்டும். பள்ளியில் இருப்பதெல்லாம் எவர்சில்வர்.

மஞ்சள்துணி:
பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள் சார். வாய் அகலமாகப் பார்த்து எடுங்கள், மூன்று மெழுகுவர்த்தி நிற்க வேண்டும்.