வடசேரி வீடு குரூப்: வியாழக்கிழமை காதுகுத்து

மீனா: வியாழன் 10.30க்கு பாப்பாக்கு காதுகுத்து. எல்லாரும் 9க்கே வந்துரணும். நிர்மலா, லீவு சொல்லியாச்சா?

நிர்மலா: அக்கா, அன்னைக்கு 11 மணிக்கு தொழிலாளர் ஆபீஸ்ல எங்க ஆஸ்பத்திரி சம்பளம், நைட் ஆள் விஷயமா பேச்சுவார்த்தை. நர்ஸ் சங்கத்துல இருந்து போற 5 பேர்ல நானும் உண்டு. இன்னைக்குதான் லெட்டர் வந்துச்சு.

சரசு சித்தி: பாப்பாக்கு சித்தி நீ இல்லாம காதுகுத்தா

ரமேஷ்: தாய்மாமன் நான் இருக்கேன்லா

சரசு சித்தி: நீ ஆசாரி போன பொறவு வருவ

முருகேசன் மாமா: நிர்மலா மக்கா, கேளு. 31 வருசம் பஸ் டிப்போல இருந்தவன் சொல்லுகேன். வாய்ப்பேச்சை நம்பாத. அடுத்த மாசம் பாக்கலாம்னு சொன்னா, அதை மினிட்ஸ்ல, அதான் கூட்டக் குறிப்புல, எழுதுங்கன்னு கேளு. அஞ்சு பேர்ல ஒருத்தரும் தனியா கையெழுத்துப் போடக்கூடாது. 2018 ஜனவரில எங்க 13வது ஊதிய ஒப்பந்தத்துல நாங்க கேட்டது 2.57 மடங்கு. சில சங்கம் 2.44க்கே கையெழுத்துப் போட்டுட்டு. மிச்சவங்க ஒரு வாரம் பஸ்ஸை எடுக்கல. நாம ரெண்டாப் பிரிஞ்சா அவங்களுக்கு வேலை சுளுவு. எங்க காலத்துல தொழில் தகராறு சட்டத்துல 12(3) ஒப்பந்தம்னு சொல்லுவோம், தொழிலாளர் அதிகாரி முன்னால போட்டா சங்கத்துல சேராதவனுக்கும் செல்லும். அப்படித்தான் போடணும்.

ரமேஷ்: அந்த வாரம்தான் என் நிச்சயம். வேன் புடிச்சுல்லா போனோம்

மீனா: வேன் காசு குடுத்தது நான். இன்னும் வரல

ரமேஷ்: அக்கா அது இங்க எதுக்கு

ஷோபா (திருவனந்தபுரம்): இங்க 2018 ஏப்ரல்ல அரசாணை போட்டாச்சு. 50 பெட்டுக்குள்ள உள்ள ஆஸ்பத்திரி நர்சுக்கே அடிப்படை சம்பளம் 20,000. களியக்காவிளை பார்டர் தாண்டினா வேற கணக்கு

நிர்மலா: எனக்கு கைக்கு 13,500 வருது ஷோபா. 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லிப் போட்ட கமிட்டி, 200 பெட்டுக்கு மேல இருந்தா அரசு நர்ஸ் சம்பளம் குடுக்கணும்னு எழுதியிருக்கு. எங்களுக்கு 220 பெட். கேட்டா, அது பரிந்துரைதான்னு சொல்லுகாங்க.

சரசு சித்தி: அப்பவே கவர்மென்ட்ல எழுதச் சொன்னேன்

நிர்மலா: அங்கயும் 2015ல 7,700க்குதான எடுத்தாங்க சித்தி. 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ்ல, அதான் மருத்துவப் பணிகள் ஆபீஸ்ல, எத்தனை நர்ஸ் போராட்டம்னு வந்து உக்காந்தாங்க.
சம்பளத்தை விட நைட் ஆளுதான் எனக்கு முக்கியம். எங்க வார்டுல 28 பெட்டுக்கு 2 பேர். நேத்து ராத்திரி 2 மணிக்கு நான் 9ம் பெட்ல சளி எடுக்க சக்ஷன் போட்டுட்டு நிக்கேன். 21ல ஒரு தாத்தாக்கு ட்ரிப் தீர்ந்து ரத்தம் ட்யூப்ல ஏறுது. பெல் அடிச்சிட்டே இருக்காரு. என்னால கையை எடுக்க முடியல. நர்சிங் கவுன்சில் கணக்குப்படி ஜெனரல் வார்டுல 5 பேருக்கு ஒரு நர்ஸ் வேணும். அதை எழுத்துல வாங்காம எந்திரிக்க மாட்டேன்.

சரசு சித்தி: ஏ பிள்ள, தாத்தாக்கு ஒண்ணும் இல்லியே?

நிர்மலா: லைன் மாத்திட்டேன் சித்தி. காலைல காப்பி குடிச்சாரு.

மீனா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: 9க்கு முன்னால நல்ல நேரம் இருக்கான்னு ஜோசியர்ட்ட கேக்கேன்

ரமேஷ்: 9ன்னா நான் முந்தின நாளே வரணும்

சரசு சித்தி: வாயேன், வந்தா என்ன

முருகேசன் மாமா: மக்கா, காதுகுத்து முடிஞ்சதும் நானே ஸ்கூட்டர்ல கொண்டு விடுகேன். வெளியவே நிப்பேன்.

நிர்மலா: சரி மாமா. அந்த மினிட்ஸ் விஷயத்தை ஒருக்கா தனியா அனுப்புங்க. முந்தின ஷிப்ட் ஆள்ட்ட ரிப்போர்ட் எடுக்கப் போறேன், நைட் டூட்டி.

சரசு சித்தி: பாயசம் அடப்பிரதமனா பாலடையான்னு ஒருத்தரும் சொல்லலியே