‘கமிஷனிங்’குக்குத் தமிழில் என்ன போடலாம்?

ரோஸ் ஹில் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். நம் மொரீசியஸ் உயர்நிலை மாணவர்களுக்கான தமிழ் வாசிப்புத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இம்முறை பாடம், பிரான்சின் ‘சுஃப்ரேன்’ தாக்குதல் நீர்மூழ்கி. ஷெர்பூரில் 2007 டிசம்பரில் கட்டத் தொடங்கினார்கள். 2019 ஜூலையில் விழா எடுத்து ஊருக்குக் காட்டினார்கள். 2020 நவம்பரில் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். 2022 ஜூன் 3 அன்று கமிஷனிங், அதாவது கடற்படைப் பணியில் முறைப்படி சேர்க்கும் விழா. இந்தக் ‘கமிஷனிங்’ என்ற சொல்லில்தான் நிற்கிறேன். தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘நாட்டுக்கு அர்ப்பணிப்பு’ என்று வருகிறது. அணைக்கும் மேம்பாலத்துக்கும் அதையேதான் எழுதுகிறார்கள். கப்பலுக்கு அன்று என்ன ஆனது என்பது அதில் தெரியவில்லை.

இன்னொன்று. ‘அணு நீர்மூழ்கி’ என்றால் அணுகுண்டு சுமக்கும் கப்பல் என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். சுஃப்ரேன் அணு உலையால் ஓடுகிறது, அவ்வளவுதான். அதில் இருப்பவை டார்பிடோக்களும் அணுகுண்டு இல்லாத ஏவுகணைகளும். அதனால் ‘அணுவிசை நீர்மூழ்கி’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு உண்டா?

வாக்வா ஐயா:

அம்மா, அணுவிசை சரி. நீர்மூழ்கிதான் உறுத்துகிறது. மூழ்கினது போனதுதான். வெள்ளத்தில் பயிர் மூழ்கும், கடனில் குடும்பம் மூழ்கும். உள்ளே போய் மேலே வருவதற்கு முக்குளித்தல் என்ற சொல் இருக்கிறது. முக்குளிப்பான் என்று பறவையே இருக்கிறது. ‘முக்குளிகலம்’ என்றால் என்ன குறை?

அடிமரம் இடுவதை ‘ஏரா வைத்தல்’ என்பார்கள் தோணி கட்டுகிறவர்கள். அதை எடுங்கள். கடலில் ஓட்டிப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் இருக்கவே இருக்கிறது. கரிகாலனின் முன்னோனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறது புறநானூறு. காற்றை வேலை வாங்கியவன் அவன். அணுவை வேலை வாங்கும் கலத்துக்கும் அந்தத் தொடரிலேயே வித்து கிடக்கிறது.

கமிஷனிங்குக்குக் ‘கடனேற்பு’. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்கிற கடன். கலம் தன் கடமையை ஏற்கும் நாள்.

அப்புறம், அந்தப் பெயரை விளக்காமல் விடாதீர்கள். 1781-இல் சுஃப்ரேன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி நம் தீவுக்கு வந்து, இங்கிருந்துதான் சோழமண்டலக் கரைக்குப் போனார். 1782-இல் சதுரங்கப்பட்டினத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் எதிரே, 1783-இல் கடலூருக்கு எதிரே ஆங்கிலேயரோடு பொருதார். நம் முன்னோர் கரையும் நம் கரையும் அந்த ஒரு பெயரில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்.

போர்ட் லூயிஸ் கப்பல் பொறியாளர்:

ஐயா, கடனேற்பை என் மகளிடம் காட்டினேன். எந்த வங்கியில் வாங்கிய கடன் என்று கேட்டாள். நீங்களே ‘கடனில் குடும்பம் மூழ்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கமிஷனிங் என்பது இரண்டு வேறு காரியம். பட்டறையில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது நாங்கள் விழாவை நினைப்பதில்லை. பொருத்திய ஒவ்வொன்றையும் முதன்முறை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வது அது. முதலில் குழாயை அலசி விடவேண்டும். பற்றவைத்தபோது உதிர்ந்த சின்னத் துணுக்கு உள்ளே கிடந்தாலும் வால்வு மூடும் இடத்தைக் கீறிவிடும். பிறகு அந்த வால்வு ஒருநாளும் ஒழுங்காக மூடாது. அடுத்து நீரேற்றி, வேலை செய்யும் அழுத்தத்துக்கு மேலேயே அழுத்தம் கொடுத்து, இணைப்புகளைத் துணியால் துடைத்துத் துடைத்து ஈரம் கசிகிறதா என்று பார்ப்போம். அதற்குப் பிறகுதான் பம்ப்பையே தொடுவோம்.

அணுவிசைக் கப்பலில் இவற்றோடு உலையும் சேர்கிறது. உலையைச் சுற்றும் நீர் கொதித்துவிடாதபடி கடும் அழுத்தத்தில் இருக்கும். அதன் வெப்பம் வேறொரு சுற்றிலுள்ள நீரை ஆவியாக்கும். அந்த ஆவிதான் டர்பைனைச் சுழற்றும். சுஃப்ரேனின் உலையில், அணுக்கள் அடுத்தடுத்துப் பிளக்கும் தொடர்வினை முதன்முறையாகத் தன்னால் நிலைத்தது 2019 இறுதியில். வெள்ளோட்டம் 2020 ஏப்ரலில். கமிஷனிங் விழா வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போட்டால் பாடம் குழம்பிவிடும்.

தொடர்வினை நிலைக்கும் அந்தக் கட்டத்தை ஆங்கிலத்தில் ‘கிரிட்டிக்கல்’ என்பார்கள், பிரெஞ்சில் ‘திவெர்ழான்ஸ்’. நம் பிள்ளைகள் இயற்பியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், செய்தியைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள். ஒன்றைப் பார்த்து எழுதினால் ‘உலை கவலைக்கிடம்’ என்று வரும். மற்றதைப் பார்த்தால் ‘உலை விலகியது’ என்று வரும். இரண்டும் உண்மைக்கு நேர்மாறான பொருள். தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள ‘மாறுநிலை’யை வைத்துக்கொள்வோம். பட்டறை வேலைக்கு ‘இயக்கிச் சரிபார்ப்பு’ என்பது என் பரிந்துரை. விழாவுக்கு நீங்கள் எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.

குவாத்தர் போர்ன் அக்கா:

விழாவில் என்ன நடக்கும்? பெரும்பாலான கடற்படைகளில் கொடி ஏறும். அன்றுமுதல் அது போர்க்கப்பல். ‘கொடியேற்றம்’ என்று எழுதுங்கள். காவடிக்குப் பத்து நாள் முன்னே கோயிலில் கொடி ஏறுவதைப் பார்க்காத பிள்ளை நம்மிடம் இல்லை. அன்றைக்குத்தான் விரதம் தொடங்குகிறது. கொடி ஏறினால் பொறுப்பும் ஏறும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முக்குளிகலம் வேண்டாம் ஐயா. வீட்டில் கிரியோலில் ‘சூமாரேன்’ என்கிறார்கள். த்ரூ ஓ பிஷ் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இறங்கும் சூமாரேனை எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு நீர்மூழ்கியே புதுச்சொல். அதையும் மாற்றினால் தமிழ்நாட்டுச் செய்தியை எப்படிப் படிப்பார்கள்?

வாக்வா ஐயா:

முக்குளிகலத்தை விட்டுக்கொடுக்கிறேன். கொடியேற்றத்தை ஒப்ப மாட்டேன். அது முருகன் சந்நிதிச் சொல். ஆளைக் கொல்லும் கலத்துக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

குவாத்தர் போர்ன் அக்கா:

முருகன் கையில் இருப்பதும் வேல்தானே ஐயா. தேவர் படைக்கே அவன்தானே தலைவன்?

ரோஸ் ஹில் ஆசிரியை:

மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ‘நீர்மூழ்கி’ இருக்கட்டும். மாறுநிலையும் இயக்கிச் சரிபார்ப்பும் அப்படியே போகின்றன. துணுக்கும் வால்வும் வரும் பத்தியையும் பாடத்தில் சேர்த்துவிட்டேன். வெள்ளோட்டம் ஐயா தந்தபடியே. நீர்மூழ்கிக்கு அடிமரம் கிடையாது, எஃகு வளையங்களைப் பற்றவைத்து நீட்டுகிறார்கள். என்றாலும் கட்டத் தொடங்கும் நாளுக்கு ‘ஏரா வைத்தல்’ பொருந்துகிறது, வைத்திருக்கிறேன்.

விழாவுக்குப் ‘படைச்சேர்ப்பு’ போடுகிறேன். பிரெஞ்சுக் கடற்படையும் அந்த நாளைச் ‘செயற்பணியில் சேர்த்தல்’ என்ற பொருளில்தான் சொல்கிறது. தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் இதற்கே சரி என்றார்கள். அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வாக்வா ஐயா:

படைச்சேர்ப்பு என்றால் இளைஞர்களைப் படைக்கு ஆள் எடுப்பது. எந்த மாணவனும் அப்படித்தான் படிப்பான். அச்சுக்குப் போனது போகட்டும். அடுத்த பதிப்பு வரும்போது கடனேற்பை மறுபடி எழுப்புவேன்.