சம்பலில் கிருமி இருக்கிறதா என்று நானோ சோதனைப் பட்டையை வைத்துப் பார்க்க முடியுமா?

சிப்புட் சமையல் (கேள்வி):

சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கிறேன். விடியற்காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு, சம்பல், நெத்திலி), மத்தியானம் சோறு கறி, அப்புறம் கோயில் அன்னதானம், விசேஷ ஆர்டர். பக்கத்துத் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் ஐந்தரைக்கே பொட்டலம் வாங்கிவிடுவார்கள். சாப்பிடுவதோ பத்து மணிக்கு மேல், செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்து உட்காரும்போதுதான். இந்த இடைவெளிதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

போன வருஷம் வேறொருவர் சமைத்த விசேஷச் சாப்பாட்டைச் சாப்பிட்டு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தார்கள். பெற்றவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள், "அக்கா, உங்க சாப்பாட்டை நம்பிச் சாப்பிடலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். வெறும் வாய்வார்த்தையாக ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கையில் ஒரு ஆதாரம் வேண்டும்.

நானோ துகள் வைத்த சென்சார்கள் உணவில் இருக்கும் கிருமியைக் கண்டுபிடிக்கும் என்று அண்ணன் மகள் சொன்னாள். இணையத்தில் தேடினால் சல்மொனெல்லா பட்டை, இ.கோலை பட்டை என்று விற்கிறார்கள். சம்பலிலோ தேங்காய்ப்பால் கறியிலோ நனைத்தால் கால் மணியில் தெரியுமா? விலை கொஞ்சம் அதிகம்தான், பிரயோஜனம் என்றால் வாங்கிவிடுவேன். விஷயம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஈப்போ லேப்:

அக்கா, உணவுத் தொழிற்சாலை ஒன்றில் நுண்ணுயிர்ப் பரிசோதனைதான் என் வேலை. அந்தப் பட்டைகளை நாங்களும் பயன்படுத்துகிறோம். சரக்கு உண்மைதான், ஆனால் சட்டியில் நேராக நனைத்துப் பார்க்க முடியாது.

கோவிட் சமயத்தில் ஆர்டிகே கிட்டில் சிவப்புக் கோடு பார்த்தோமே, பெரும்பாலான கிட்டுகளில் அந்தச் சிவப்பு தங்கத்திலிருந்து வருவது. தங்கத் துகள் 20 முதல் 40 நானோமீட்டர் வரை சிறிதாகிவிட்டால் மஞ்சளாக இருக்காது, செக்கச்செவேலென்று தெரியும். சல்மொனெல்லா கிருமி ஒன்றின் நீளமே சுமார் 2,000 நானோமீட்டர் என்றால் துகள் எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட கிருமியை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை அந்தத் துகள்மேல் ஒட்டியிருப்பார்கள். கிருமி வந்தால் துகள்கள் அதைச் சுற்றிக்கொள்ளும். ஈரத்தோடு சேர்ந்து பட்டையில் ஏறி, கோட்டுக்கான இடத்தில் மாட்டிக்கொள்ளும். அங்கே போதுமான அளவு சேர்ந்தால்தான் கண்ணுக்குச் சிவப்பு தெரியும்.

சிக்கல் இங்கேதான். கோடு தெரிய ஒரு மில்லிலிட்டரில் பல்லாயிரம் முதல் பல லட்சம் கிருமிகள் வரை இருக்க வேண்டும். ஆனால் சாப்பிடத் தயாரான உணவில் 25 கிராமுக்கு ஒரு சல்மொனெல்லாகூட இருக்கக் கூடாது என்பதுதான் அளவுகோல். அதனால் 25 கிராம் உணவை 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீரில் (கிருமி வளர்வதற்கான சத்து நீர்) கலந்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்துக் கிருமியை வளர விடுவோம். அதற்குப் பிறகுதான் பட்டை. கோடு விழுந்தால் தட்டில் வளர்த்து உறுதிப்படுத்துவோம். எக்ஸ்எல்டி என்ற சிவப்புத் தட்டில் சல்மொனெல்லா நடுவில் கறுப்பு வைத்த புள்ளிகளாக முளைக்கும். எல்லாம் முடிய 3 முதல் 5 நாள் ஆகும். இந்த வளர்க்கும் வேலையைத் தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சமையலறையிலேயே நோயைப் பெருக்குவதாகிவிடும்.

தேங்காய்ப்பால் தனித் தொல்லை. கொழுப்பு பட்டையின் அடிப்பகுதியை அடைத்துக்கொள்ளும், ஈரம் பாதியிலேயே நின்றுவிடும். பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டும் சரிபார்ப்புக் கோடுகூட வராது. மிளகாயும் மஞ்சளும் பட்டையையே கறையாக்கிவிட்டால் எதைக் கோடு என்று சொல்வது?

பழைய டிரெஸர்:

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லேப் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லா நோயும் உயிருள்ள கிருமியால் வருவதில்லை. கையில் வெட்டுக்காயத்தோடு சமைத்தால் ஸ்டாஃபைலோகாக்கஸ் சாப்பாட்டில் இறங்கி விஷத்தைக் கக்கிவிடும். திரும்பக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், விஷம் சாகாது. சோற்றில் வரும் பேசில்லஸ் செரியஸ் இன்னும் பொல்லாதது. அதன் வித்து சோறு வெந்தாலும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். சல்மொனெல்லா பட்டைக்கு இது இரண்டுமே தெரியாது.

உங்கள் நாசி லெமாக்கில் எனக்குப் பயம் அங்கேதான். சூட்டோடு இலையில் மடித்து, பெட்டியில் நெருக்கி அடுக்கினால் நடுப் பொட்டலம் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். 60 டிகிரிக்கு மேலே, இல்லையென்றால் 4 டிகிரிக்குக் கீழே. நடுவில் இருப்பதெல்லாம் கிருமிக்குக் கொண்டாட்டம். சமைத்த சாப்பாட்டை 4 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லிச் சுகாதார அமைச்சு சொல்வதும் இதனால்தான். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கோழியின் நடுவில் 75 டிகிரி வர வேண்டும். டைஃபாய்டு ஊசி 3 வருஷத்துக்கு ஒருமுறை. உதவிக்கு வரும் பெண்களுக்கும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பெர்லிஸ் மாணவி:

முதுகலையில் உயிர்சென்சார் படிக்கிறேன். இரண்டு பேரும் சொன்னது சரிதான், ஆனாலும் நானோவைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு ராத்திரி காத்திருப்பதைக் குறைக்கத்தான் ஆராய்ச்சியே நடக்கிறது. ஆன்டிபாடி பூசிய காந்தத் துகள்களை உணவுக் கரைசலில் கலந்து, குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், கலங்கல் நீர் தெளிந்து பழுப்புத் துகள் ஒரு ஓரமாக ஒட்டிக்கொள்ளும். கிருமியும் அதோடு வந்துவிடும், கொழுப்பையும் மசாலாவையும் கொட்டிவிடலாம். கிராஃபீன் (மிக மெல்லிய கார்பன் ஏடு) மின்முனையில் கிருமி ஒட்டும்போது மின்தடை மாறுவதை அளக்கும் முறையும் உண்டு. எங்கள் யூனிமாப் பல்கலைக்கழகத்தில் நானோ மின்னணுப் பொறியியல் கழகமே இருக்கிறது.

ஆனால் ஆய்வகத்தில் சுத்தமான கரைசலில் வேலை செய்கிற சென்சாரை அப்படியே ரெண்டாங் பக்கம் கொண்டுபோனால் தடுமாறுகிறது. செத்த கிருமியையும் உயிருள்ளதையும் பிரித்துக் காட்டுவதும் கஷ்டம். சாதாரணச் சமையலறைக்கு ஏற்றது வர இன்னும் காலம் வேண்டும்.

சிப்புட் சமையல்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. பட்டை வாங்கப் போவதில்லை. தெர்மாமீட்டருக்கு இன்றைக்கே சொல்லிவிட்டேன். பொட்டலத்தில் சமைத்த நேரத்தையும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டப்போகிறேன். மூன்று மணிக்கு வடிக்கிற சோற்றை இனிமேல் நாலரைக்கு வடித்தால் போதும், பெரட்டுக்குள் கட்டிவிடலாம். எட்டரை மணி தாண்டிச் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியானச் சமையலிலிருந்து கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு சந்தேகம். கேட்பவர்களுக்குக் காட்ட ஒருமுறையாவது லேபுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். எப்படி அனுப்புவது?

ஈப்போ லேப்:

சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள லேபாகப் பாருங்கள், எந்தக் கிருமிக்கு என்று முதலிலேயே சொல்லுங்கள். சோறு, சம்பல், நெத்திலி மூன்றையும் தனித்தனியாக, லேப் கொடுக்கும் சுத்தமான பையில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் 25 கிராமுக்கு நிறையவே கூடுதலாக இருக்கட்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறையும்போது சில கிருமிகள் செத்துவிடும், முடிவு தப்பாக வரும். இன்னொன்று, புதிதாகச் சமைத்ததை அனுப்பாதீர்கள். பொட்டலம் கட்டி, உங்கள் ஆட்கள் சாப்பிடுகிற நேரம் வரை வைத்திருந்து, அதை அனுப்புங்கள்.